உங்கள் பணப் பக்கம் செய்வதை உங்கள் தனியுரிமைக் கொள்கை சொல்லட்டும்

இணையத்தில் பணம் பெற்றுத் தொழில் நடத்தும் நிறுவனங்களின் உரிமையாளர்களுக்கும், அவற்றின் தனியுரிமைக் கொள்கைக்குப் பொறுப்பானவர்களுக்கும்,

"எங்கள் தனியுரிமைக் கொள்கையைப் புதுப்பித்திருக்கிறோம். சேவையைத் தொடர்ந்து பயன்படுத்தினால் புதிய கொள்கையை ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும்." சில ஆண்டுகளாக நான் சந்தா கட்டிவரும் ஒரு நிறுவனத்திடமிருந்து அண்மையில் இப்படி ஒரு மின்னஞ்சல் வந்தது. என்ன மாறியிருக்கிறது என்று அதில் ஒரு வரிகூட இல்லை. பழைய கொள்கையின் நகல் என்னிடம் இருந்ததால் இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தேன். "உங்கள் கார்டு விவரங்களை நாங்கள் சேமித்து வைப்பதில்லை" என்ற வரி எடுக்கப்பட்டிருந்தது. "பணப் பரிவர்த்தனைத் தகவல்களையும் நீங்கள் வாங்கியவற்றின் விவரங்களையும் எங்கள் வணிகக் கூட்டாளிகளுடன் பகிரலாம்" என்ற வரி புதிதாக வந்திருந்தது.

யார் அந்தக் கூட்டாளிகள், ஏற்கெனவே நான் கொடுத்த விவரங்களும் அவர்களுக்குப் போகுமா, எனக்கு இதில் விருப்பமில்லை என்றால் என்ன செய்ய வேண்டும் என்று எழுதிக் கேட்டேன். பதிலாக அதே கொள்கைப் பக்கத்தின் இணைப்பு வந்தது. மறுபடியும் கேட்டபோது, விருப்பமில்லையென்றால் கணக்கை மூடிக்கொள்ளலாம் என்றார்கள். மூடினால் பழைய விவரங்கள் அழிக்கப்படுமா என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை.

இதை அந்த ஒரு நிறுவனத்தோடு விட்டுவிட என்னால் முடியவில்லை. சிறிய, நடுத்தர நிறுவனங்களுக்கு இணையதளமும் பணம் கட்டும் பக்கமும் அமைத்துக் கொடுப்பது என் தொழில். அதனால் ஒரு தனியுரிமைக் கொள்கை எந்தச் சூழ்நிலையில் எழுதப்படுகிறது, யாருக்காக எழுதப்படுகிறது என்பதை உள்ளே இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். வாடிக்கையாளராகவும் பார்க்கிறேன். இரண்டு பக்கமும் இருந்து பார்த்ததை உங்களிடம் நேராகச் சொல்லத்தான் இந்த மடல்.

வாடிக்கையாளர் இணையத்தில் கட்டும் பணத்தை வணிகருக்குப் பெற்றுத் தரும் பேமென்ட் கேட்வே நிறுவனத்தில் வணிகர் கணக்குக் கேட்டு விண்ணப்பித்தால், இணையதளத்தில் தொடர்பு விவரம், ரீஃபண்ட் விதிகள், விற்பனை நிபந்தனைகள், தனியுரிமைக் கொள்கை ஆகிய பக்கங்கள் இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். இல்லாவிட்டால் கணக்கு நிறுத்திவைக்கப்படும். பல நிறுவனங்களுக்குத் தனியுரிமைக் கொள்கை என்ற ஒன்று ஞாபகத்துக்கு வருவதே அந்தக் கட்டத்தில்தான். "வேற யாராவது போட்டிருப்பாங்க, அதை எடுத்துப் பேரை மட்டும் மாத்திப் போட்டுடுங்க, நாளைக்கு லைவ் போகணும்." வேலை கொடுக்கும் பலரிடமிருந்து இதைக் கேட்டிருக்கிறேன். முடியாது என்று நான் சொன்னால், அதைச் செய்து கொடுக்க வேறொருவர் கிடைத்துவிடுகிறார்.

இப்படிப் பிறந்த கொள்கைகளைத் திறந்து பார்த்தால் என்ன இருக்கிறது தெரியுமா? நடுப்பக்கத்தில் வேறொரு நிறுவனத்தின் பெயர் மாற்றப்படாமல் நிற்கிறது. கொள்கையை வெளியிட்ட நிறுவனம் கால்கூட வைக்காத நாட்டின் சட்டப் பிரிவுகள் வரிசையாக வருகின்றன. புகார் அனுப்பச் சொல்லியிருக்கும் மின்னஞ்சல் முகவரிக்கு எழுதினால் அப்படி ஒரு முகவரியே இல்லை என்று திரும்பி வருகிறது. எல்லாவற்றையும்விட என்னைக் கலங்க வைத்தது ஒரு தளம். "கார்டு எண் எங்கள் கைக்கு வருவதே இல்லை, எல்லாம் பேமென்ட் கேட்வேயின் பாதுகாப்பான பக்கத்தில்தான் நடக்கிறது" என்று அதன் கொள்கை சொன்னது. பக்கத்தைப் பிரித்துப் பார்த்தால் கார்டு எண், காலாவதித் தேதி, கார்டில் அச்சிட்டிருக்கும் சிவிவி என்ற பாதுகாப்பு எண் ஆகிய மூன்றையும் அந்தத் தளத்தின் சொந்தப் படிவமே வாங்கி, சொந்த சர்வர் வழியாக அனுப்பிக்கொண்டிருந்தது. யாரையும் ஏமாற்ற நினைத்து அப்படி எழுதவில்லை என்று நான் நம்புகிறேன். எழுதியவருக்குப் பக்கம் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாது, பக்கத்தைக் கட்டியவர் கொள்கையைப் படிக்கவில்லை. ஆனால் அந்தப் பக்கத்தில் கார்டு எண்ணைத் தட்டியவருக்குச் சொல்லப்பட்டது பொய்தானே?

உங்கள் வாடிக்கையாளர் 'பணம் செலுத்து' பட்டனை அழுத்தும் அந்தச் சில நொடிகளில் என்னென்ன நடக்கிறது என்று ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். அவருடைய பெயர், தொலைபேசி எண், மின்னஞ்சல், முகவரி, என்ன வாங்கினார், எவ்வளவுக்கு வாங்கினார் என்பவை உங்களிடம் வருகின்றன. இவற்றில் ஒரு பகுதி பேமென்ட் கேட்வேக்குப் போகிறது. அங்கிருந்து உங்கள் சார்பில் பணம் பெறும் வங்கிக்கு, கார்டு நெட்வொர்க்குக்கு (விசா, மாஸ்டர்கார்டு போன்றவை), கார்டு கொடுத்த வங்கிக்கு. வழியில் மோசடித் தடுப்புச் சேவை ஒன்று இருக்கலாம். பணம் கட்டுபவர் கார்டுக்கு உரியவர்தானா என்று பார்க்க, வங்கி ஓடிபி கேட்பதற்கு முன்னால் நடக்கும் 3டி செக்யூர் சோதனையின் புதிய வடிவத்தில், பணம் கட்டுபவரின் ஐபி முகவரி, பிரவுசர் வகை, திரையின் நீள அகலம், நேர மண்டலம், பிரவுசரின் மொழி போன்றவையும் கூடவே போகின்றன. மோசடியைத் தடுக்க இது உதவுகிறது. அதில் எனக்கு மறுப்பில்லை. பணம் கட்டும் வேலை பல கைகள் மாறித்தான் நடக்கும் என்பதும் எனக்குத் தெரியும். அந்தக் கைகள் யாருடையவை என்று பணம் கட்டுபவரிடம் சொல்லுங்கள் என்பதுதான் என் வாதம். "சேவை வழங்குநர்களுடன் தேவைக்கேற்பப் பகிர்வோம்" என்ற ஒரு வரியில் இவ்வளவும் அடங்கிவிடுவதாக நீங்கள் நினைத்தால், நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பெயர் சொல்லிப் பட்டியலிடுவது நடக்காத காரியமும் இல்லை. தன்னிடமிருந்து விவரங்கள் எந்தெந்த நிறுவனங்களுக்குப் போகலாம், எதற்காகப் போகலாம் என்று பேபால் பெயர்வாரியாகப் பட்டியல் வெளியிடுகிறது. 2018இல் அந்தப் பட்டியலில் 600க்கும் மேற்பட்ட பெயர்கள் இருந்தன. அத்தனை பேரோடு ஏன் பகிர வேண்டும் என்று கேட்க முடிந்ததே பட்டியல் கண்ணுக்குத் தெரிந்ததால்தான். உலகம் முழுக்கப் பணம் கைமாற்றும் நிறுவனத்தாலேயே இது முடியும்போது, ஒரு கேட்வே, ஒரு கூரியர், ஒரு மின்னஞ்சல் சேவை, ஒரு விளம்பர நிறுவனம் என்று விரல் விட்டு எண்ணக்கூடிய உறவுகளை வைத்திருக்கும் உங்களால் முடியாதா? ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2023 ஜனவரியில், ஆஸ்திரிய அஞ்சல் நிறுவனம் சம்பந்தப்பட்ட வழக்கில், இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. என் விவரங்களை யாருக்குக் கொடுத்தாய் என்று ஒருவர் கேட்டால், "விளம்பர நிறுவனங்கள்", "கூட்டாளிகள்" என்று வகை மட்டும் சொன்னால் போதாது, பெற்றவர் யார் என்றே சொல்ல வேண்டும். பெற்றவர்களை அடையாளம் காணவே முடியாத நிலையிலும், கேள்வி அடிப்படையற்றது அல்லது அளவு மீறியது என்று நிறுவனம் நிரூபிக்கும் நிலையிலும்தான் விலக்கு.

கார்டு எண் பத்திரமாக இருந்தால் போதும், மற்றதெல்லாம் சின்ன விஷயம் என்று உங்களில் சிலர் என்னிடம் சொல்லியிருக்கிறீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கார்டு எண் திருடு போனால் வங்கிக்குச் சொல்லிப் புது கார்டு வாங்கிக்கொள்ளலாம். ஒருவர் என்ன வாங்கினார் என்ற விவரம் வெளியே போனால் அதைத் திரும்பப் பெற வழியே இல்லை.

என் அக்கா ஒரு மருத்துவப் பரிசோதனைக்கு இணையத்தில் பணம் கட்டினார். வீட்டில் யாருக்கும் அப்போது சொல்லவில்லை. சொல்ல வேண்டிய நேரத்தைத் தானே முடிவு செய்ய நினைத்தார், அது அவருடைய உரிமை. கொஞ்ச நாளில் அதே சிகிச்சை தொடர்பான விளம்பரங்கள் வீட்டில் எல்லோரும் பயன்படுத்தும் டேப்லெட்டில் வரத் தொடங்கின. யாரோ கேட்டார்கள், அவர் சொல்ல வேண்டியதாயிற்று. தகவல் எங்கிருந்து கசிந்தது என்று எங்களால் உறுதியாகச் சொல்ல முடியாது. அந்தத் தளமாக இருக்கலாம், அவர் தேடிய தேடலாக இருக்கலாம். தெரிந்துகொள்ளத்தான் அந்தத் தளத்தின் கொள்கையை முழுக்கப் படித்தேன். விளம்பரத்துக்காக விவரங்கள் பகிரப்படுமா என்பதற்கு, "சில சூழ்நிலைகளில் பகிரப்படலாம்" என்று இருந்தது. எந்தச் சூழ்நிலை, எந்த விவரம், யாரிடம்? ஒன்றும் இல்லை. பல பக்கங்கள் நீண்ட ஓர் ஆவணம், ஒருவருக்கு நிஜமாகவே தேவைப்பட்ட ஒரே கேள்விக்குப் பதில் சொல்லவில்லை.

"பெயரை எடுத்துவிட்டுத்தான் கொடுக்கிறோம்" என்ற சமாதானமும் உங்கள் கொள்கைகளில் அடிக்கடி வருகிறது. ஈவ்-அலெக்சாந்தர் டி மான்ட்ஜாய் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 11 லட்சம் பேரின் மூன்று மாதக் கிரெடிட் கார்டு பதிவுகளை ஆராய்ந்து 2015இல் சயன்ஸ் இதழில் எழுதினார்கள். பெயரும் கார்டு எண்ணும் நீக்கப்பட்ட பதிவுகள் அவை. ஒருவர் எந்த நாளில் எந்தக் கடையில் வாங்கினார் என்ற தகவல் நான்கே நான்கு தெரிந்தால் போதும், 90 சதவீதம் பேரைக் கூட்டத்திலிருந்து தனியாகப் பிரித்துவிட முடிந்தது. பெயரை நீக்கிவிட்டோம் என்று எழுதும் முன் இந்த ஆய்வை நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஸ்கிரிப்ட்கள், அதாவது பக்கத்துக்குள் ஓடும் சிறு நிரல்கள். உங்களிடம் நான் அதிகம் வாதாட வேண்டியிருப்பது இந்த இடத்தில்தான். பணம் கட்டும் பக்கத்தில் விளம்பர அளவீட்டுக்கு ஒன்று, வருகையாளர் கணக்குக்கு ஒன்று, சாட் பெட்டிக்கு ஒன்று, வாடிக்கையாளர் எங்கே தடுமாறுகிறார் என்று பதிவு செய்து பார்க்க ஒன்று என்று வெளியார் எழுதிய நிரல்களைச் சேர்த்துக்கொண்டே போகிறீர்கள். அவை எல்லாம் கார்டு எண் தட்டப்படும் அதே பக்கத்தில் ஓடுகின்றன. வாடிக்கையாளரின் அசைவுகளைப் பதிவு செய்யும் இத்தகைய ஸ்கிரிப்ட்களைப் பற்றிப் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் எழுதினார்கள். உலகின் முன்னணி 50,000 தளங்களில் 482இல் அவை இருந்ததற்கான தடயங்களைக் கண்டார்கள். சில இடங்களில் படிவத்தில் தட்டியதே வெளி நிறுவனத்துக்குப் போயிருந்தது. 2022இல் வந்த இன்னொரு ஆய்வில், ஒரு லட்சம் தளங்களைச் சோதித்ததில், ஐரோப்பாவிலிருந்து பார்த்தபோது 1,844 தளங்களிலும் அமெரிக்காவிலிருந்து பார்த்தபோது 2,950 தளங்களிலும், 'அனுப்பு' பட்டனை அழுத்துவதற்கு முன்பே மின்னஞ்சல் முகவரி வெளியார் ஸ்கிரிப்ட்டுக்குப் போய்விட்டது தெரிந்தது. மனம் மாறி, வாங்காமலே பக்கத்தை மூடியவரின் முகவரியும் இப்படிப் போயிருக்கலாம். "நீங்கள் ஆர்டர் செய்யும்போது கொடுக்கும் விவரங்களைச் சேகரிக்கிறோம்" என்றுதானே உங்கள் கொள்கையில் இருக்கிறது? ஆர்டர் செய்யாதவரைப் பற்றி அது என்ன சொல்கிறது?

2018இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் தளத்தில் நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். உள்ளே புகுந்தவர்கள் தளத்தில் ஓடிய ஸ்கிரிப்ட் ஒன்றை மாற்றி, பயணச்சீட்டுக்குப் பணம் கட்டியவர்களின் கார்டு விவரங்களை வேறொரு முகவரிக்குத் திருப்பிவிட்டார்கள். நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்கள் பாதிக்கப்பட்டன. பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் 2020இல் 2 கோடி பவுண்டு அபராதம் விதித்தது. அந்த விசாரணையில் வெளிவந்த இன்னொரு விஷயம்தான் எனக்கு அதிகம் உறைத்தது. சோதனைக்காக வைத்த ஒரு வசதி நிறுத்தப்படாமல், கார்டு விவரங்களை மறைகுறியாக்கம் (என்கிரிப்ஷன்) இல்லாமல் பதிவேட்டில் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது. அப்படி ஒரு பதிவு நடப்பது கொள்கையை எழுதியவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. என்ன சேமிக்கப்படுகிறது என்று யாரும் போய்ப் பார்க்காத இடத்தில், "நாங்கள் சேமிப்பதில்லை" என்ற வரிக்கு என்ன மதிப்பு?

கார்டு நிறுவனங்களே வகுத்த பிசிஐ டிஎஸ்எஸ் என்ற பாதுகாப்புத் தரம் 2004 முதல் இருக்கிறது. கார்டு வாங்கும் எல்லோரையும் அது கட்டுப்படுத்தும், உங்களையும்தான். பணம் கட்ட ஒப்புதல் கிடைத்த பிறகு சிவிவி எண்ணை எந்த வடிவத்திலும், மறைகுறியாக்கம் செய்துகூட, வணிகர் வைத்திருக்கக் கூடாது என்கிறது அது. அதன் நான்காம் பதிப்பு, பணம் கட்டும் பக்கத்தில் ஓடும் ஒவ்வொரு ஸ்கிரிப்ட்டையும் பட்டியலிட்டு, அது ஏன் தேவை என்று எழுதிவைக்கவும் சொல்கிறது. 2025 மார்ச் 31க்குப் பிறகு இது கட்டாயம். கார்டு படிவத்தை முழுக்கக் கேட்வேயிடம் விட்டுவிட்ட சிறு வணிகர்களுக்கு இதில் சலுகை உண்டு. மற்றவர்களுக்கு அந்தப் பட்டியல் கையில் இருந்தாக வேண்டும். இருந்தால், அதை எளிய மொழியில் கொள்கையில் சேர்ப்பது அரை நாள் வேலை. இல்லையென்றால், பிரச்சினை கொள்கையைவிடப் பெரியது.

எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள் என்ற கேள்விக்கு "தேவைப்படும் காலம் வரை" என்று எழுதுகிறீர்கள். தேவையை யார் முடிவு செய்வது? வரிக் கணக்குக்காக ரசீதை இத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் சொன்னால், அந்த ஆண்டுக் கணக்கை எழுதுங்கள். அந்தச் சட்டம் ரசீதைத்தான் கேட்கிறது. வாடிக்கையாளர் பக்கத்தில் எத்தனை நிமிடம் இருந்தார், எதைக் கூடையில் போட்டு எடுத்தார் என்பதை அல்ல. இரண்டையும் ஒரே வரியில் கட்டிவைத்து ஒரே காலத்துக்கு வைத்திருப்பது நியாயமில்லை.

கார்டைச் சேமிக்கும் பெட்டியில் முன்கூட்டியே டிக் போட்டு வைப்பதும் இதே வகைதான். 'அடுத்த முறைக்காகச் சேமித்து வை' என்பது வாடிக்கையாளர் எடுக்க வேண்டிய முடிவு. முன்கூட்டியே டிக் செய்யப்பட்ட பெட்டி சம்மதம் ஆகாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2019 அக்டோபரில் பிளானட்49 வழக்கில் சொல்லிவிட்டது. அது குக்கீ (தளம் நம் பிரவுசரில் வைக்கும் சிறு பதிவு) பற்றிய வழக்கு. ஒருவர் கைவைக்காத பெட்டியை அவருடைய சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது என்ற காரணம் கார்டுக்கு இன்னும் அதிகமாகவே பொருந்தும் என்பது என் கருத்து. சேமிப்பது கார்டு எண்ணுக்குப் பதிலாக வைக்கும் டோக்கன் என்ற மாற்றுக் குறியீடா, எண்ணேவா, அது உங்களிடம் இருக்கிறதா கேட்வேயிடம் இருக்கிறதா, எங்கே போய் அழிக்கலாம் என்பதையும் அந்தப் பெட்டிக்குப் பக்கத்திலேயே சொல்ல இரண்டு வரி போதும்.

கொள்கையை மாற்றுவது பற்றி. தொழில் மாறும்போது கொள்கையும் மாறத்தான் வேண்டும். ஆனால் ஒரு வாக்குறுதியை நம்பி நான் கொடுத்த விவரத்தை, அந்த வாக்குறுதியைப் பின்னால் திருத்திவிட்டு வேறு வேலைக்குப் பயன்படுத்த உங்களுக்கு உரிமை இல்லை. இது என் சொந்தப் பிடிவாதம் அல்ல. கல்விப் பொருட்கள் விற்ற கேட்வே லேர்னிங் என்ற அமெரிக்க நிறுவனம், வாடிக்கையாளர் விவரங்களைச் சம்மதமின்றி வெளியாருக்குக் கொடுப்பதில்லை என்று எழுதியிருந்தது. பிறகு வாடகைக்குக் கொடுத்தது. கொள்கையையும் அதற்கேற்ப மாற்றி, பழைய வாடிக்கையாளர்களுக்கும் அதையே பொருத்தியது. அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் இதை நியாயமற்ற வணிக நடைமுறை என்று குற்றம்சாட்டி, 2004இல் அந்த நிறுவனத்தைக் கட்டுக்குள் கொண்டுவந்தது. அதற்குப் பின்னும், "தொடர்ந்து பயன்படுத்தினால் ஏற்றதாகக் கருதப்படும்" என்ற வரியை எப்படி இவ்வளவு எளிதாக எழுதுகிறீர்கள்?

யாரும் படிப்பதில்லையே, எதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் அலீசியா மெக்டொனால்டும் லோரி கிரேனரும் 2008இல் போட்டது. ஓர் ஆண்டில் தாம் போகும் தளங்களின் கொள்கைகளையெல்லாம் ஒருவர் படிப்பதென்றால் சுமார் 201 மணி நேரம் ஆகும் என்று கண்டார்கள். மக்கள் படிக்காததற்கு அலட்சியம் காரணம் இல்லை, படிக்க முடியாதபடி எழுதப்பட்டிருப்பதுதான் காரணம். ஐரோப்பாவின் ஜிடிபிஆர் என்ற தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுருக்கமாக, தெளிவாக, எளிய மொழியில் சொல்லச் சொல்கிறது. 2018 மே 25 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு எண்ணிம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் ஒரு படி போய், சம்மதம் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்கிறது. அந்த அட்டவணையில் தமிழும் உண்டு. பொருளின் விவரம், தள்ளுபடி அறிவிப்பு, 'வாங்கு' பட்டன் எல்லாவற்றையும் தமிழில் வைத்திருக்கும் தளங்களில் தனியுரிமைக் கொள்கை மட்டும் ஆங்கிலத்தில் இருப்பதை நான் தொடர்ந்து பார்க்கிறேன். விற்பதற்கு வாடிக்கையாளரின் மொழி தேவைப்படும்போது, அவருடைய விவரத்தை என்ன செய்கிறீர்கள் என்று சொல்லவும் அதே மொழி தேவை.

நாங்கள் சின்ன நிறுவனம், வழக்கறிஞர் வைத்து எழுத வசதியில்லை என்பீர்கள். அந்தச் சிரமம் எனக்குப் புரிகிறது, உங்களோடுதான் வேலை செய்கிறேன். ஆனால் சின்ன நிறுவனத்துக்கு உண்மையான கொள்கை எழுதுவது பெரிய நிறுவனத்தைவிட எளிது. அண்மையில் நானும் ஒரு நிறுவன உரிமையாளரும் உட்கார்ந்து அதைச் செய்தோம். கேட்வேயின் பக்கத்துக்கே வாடிக்கையாளரை அனுப்பிவிடும் முறைக்கு மாறினோம். அதனால் கார்டு எண் தளத்தைத் தொடுவதே இல்லை. பணம் கட்டும் பக்கத்தில் இருந்த ஸ்கிரிப்ட்கள் ஒவ்வொன்றும் எதற்கு என்று கேட்டேன். பாதிக்குமேல் எதற்கு என்று யாருக்கும் தெரியவில்லை, எடுத்துவிட்டோம். விற்பனை குறையும் என்று பயந்தார். அப்படி எதுவும் நடக்கவில்லை. மீதி இருந்ததை எழுதியபோது கொள்கை ஒரே பக்கத்தில் முடிந்தது. எழுதியது அவரே, தன் சொந்த வார்த்தைகளில். வழக்கறிஞர் ஒருவர் கடைசியில் பார்த்துச் சில திருத்தம் சொன்னார், அவ்வளவுதான்.

எனவே உங்களிடம் நான் கேட்பது இவை.

வேறு தளத்திலிருந்து எடுத்த கொள்கை உங்கள் தளத்தில் இருந்தால் அதை நீக்கிவிட்டு, உங்கள் பணப் பக்கம் உண்மையில் செய்வதைப் பார்த்து எழுதுங்கள். எழுதும்போது பக்கத்தைக் கட்டியவரையும் கூட உட்கார வையுங்கள். கார்டு எண் உங்கள் சர்வர் வழியாகப் போகிறதா இல்லையா என்பதை முதல் பத்தியிலேயே சொல்லுங்கள்.

விவரங்கள் யாருக்கெல்லாம் போகின்றனவோ அந்த நிறுவனங்களின் பெயர்களை எழுதுங்கள். கூட்டாளிகள் என்ற சொல்லோடு நிறுத்தாதீர்கள். எந்த விவரம், எதற்காக, எந்த நாட்டுக்கு என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ரசீது, முகவரி, கார்டு டோக்கன், பக்க அசைவுப் பதிவு ஆகிய ஒவ்வொன்றையும் எத்தனை மாதம் அல்லது எத்தனை ஆண்டு வைத்திருப்பீர்கள் என்று எண்ணிலேயே சொல்லுங்கள்.

பணம் கட்டும் பக்கத்திலிருந்து விளம்பர ஸ்கிரிப்ட்களையும் அசைவுகளைப் பதிவு செய்பவற்றையும் எடுத்துவிடுங்கள். வாங்கிய பொருளின் விவரம் விளம்பரத்துக்குப் போக வேண்டுமென்றால் தனியாகக் கேளுங்கள். மருத்துவம், குழந்தைகள், கடன், நன்கொடை சார்ந்த எதையும் அதற்குக் கொடுக்கவே வேண்டாம். கார்டைச் சேமிக்கும் பெட்டியை டிக் இல்லாமல் வையுங்கள்.

கொள்கையை மாற்றும்போது என்ன மாறியது என்பதை மின்னஞ்சலிலேயே எழுதுங்கள். பழைய பதிப்புகளைத் தேதியோடு தளத்தில் வையுங்கள். ஏற்கெனவே வாங்கிய விவரங்களுக்குப் புதிய விதி பொருந்த வேண்டுமென்றால் புதிதாகச் சம்மதம் கேளுங்கள். பதில் வராவிட்டால் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நீங்கள் விற்கும் மொழியிலேயே கொள்கையும் இருக்கட்டும். விவரம் கசிந்தால் எத்தனை நாளில், எந்த வழியில் வாடிக்கையாளருக்குச் சொல்வீர்கள் என்பதும் அதில் இருக்கட்டும்.

பேமென்ட் கேட்வே நிறுவனங்களே, உங்களுக்கும் ஒரு கோரிக்கை. வணிகர் கணக்கைத் திறக்கும் முன் கொள்கைப் பக்கம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். அதில் விண்ணப்பித்த நிறுவனத்தின் பெயர்தான் இருக்கிறதா, நீங்கள் கொடுத்த இணைப்பு முறையோடு அது ஒத்துப்போகிறதா என்று படித்துப் பாருங்கள். உங்கள் வழியாக என்னென்ன விவரங்கள் யாருக்குப் போகின்றன என்பதை, வணிகர்கள் அப்படியே எடுத்துப் பயன்படுத்தும்படி எளிய தமிழிலும் எழுதிக் கொடுங்கள்.

கடைசியாக, விவரங்களைப் பார்க்கவும் திருத்தவும் அழிக்கவும் கேட்டு எழுதுபவர்களுக்குப் பதில் சொல்ல ஒரு மனிதரை நியமியுங்கள். அவரை அடையும் முகவரி வேலை செய்கிறதா என்று நீங்களே ஒரு மின்னஞ்சல் அனுப்பிச் சோதியுங்கள். ஒரு மாதத்துக்குள் பதில் சொல்வதாகக் கொள்கையில் எழுதி, அப்படியே செய்யுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவர், உங்களுக்குப் பணப் பக்கங்கள் கட்டித் தருபவர்களில் ஒருவர்